பல் விழுந்த பாட்டுக்குப் பிள்ளைகள் ஏன் சிரிக்கவில்லை?

திருப்பூரிலிருந்து ஒரு தாய் கேட்டிருப்பதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் வகுப்பில் படிக்கும் மகளுக்கும் அவளுடைய தோழிகளுக்குமாக, பல் விழுவது, செருப்பை மாற்றிப் போட்டுக்கொள்வது, அம்மாயி (தாய்வழிப் பாட்டி) வீட்டுக்குப் போவது என்று அன்றாட நிகழ்ச்சிகளை வைத்து அவர் மூன்று வேடிக்கைப் பாட்டுகள் எழுதியிருக்கிறார். படித்துக் காட்டியபோது வீட்டுப் பெரியவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். பிள்ளைகள் மட்டும் மரியாதைக்குக் கேட்டுவிட்டு விளையாடப் போய்விட்டார்களாம். சந்தம் சரியில்லையா, வேடிக்கைப் பாட்டிலும் நீதி இருக்கத்தான் வேண்டுமா, நம் ஊர்ப் பேச்சைப் பாட்டில் கொண்டுவரலாமா என்று கேட்கிறார். இவற்றுக்கெல்லாம் அடியில் கிடப்பது ஒரே கேள்வி என்று எனக்குப் படுகிறது: பெரியவர் சிரிக்கும் இடத்தில் குழந்தை ஏன் சிரிப்பதில்லை? அதற்கு விடை தெரிந்தால் மற்றவற்றுக்கு வழி தானே திறக்கும்.

நான் கோபிசெட்டிபாளையம் வட்டாரத்துத் தொடக்கப் பள்ளிகளில் முதல் மூன்று வகுப்புகளுக்குப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். தமிழ் இலக்கணத்தை முறையாகப் படித்தேன். பிள்ளைகளுக்குப் பாட்டு எழுதி, வகுப்பிலேயே பாடவிட்டு, எடுபடாததைக் கிழித்துப் போட்டுப் பழகியவன். ஐந்து முதல் எட்டு வயது வரையுள்ள பிள்ளைகளைப் பற்றித்தான் நான் உறுதியாகப் பேச முடியும். மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளைப் பற்றியும், பேச்சு வரத் தாமதமாகும் குழந்தைகளைப் பற்றியும் அறிவுரை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. அவற்றுக்கு உரிய மருத்துவர்களும் பயிற்சியாளர்களும் இருக்கிறார்கள்.

அவர் அனுப்பிய முதல் பாட்டு இது:

பொக்கை வாயைத் திறந்துகொண்டு
பொம்மை போலச் சிரிக்கின்றாய்;
மிட்டாய் தின்ற பாப்பாவே,
மீதிப் பல்லைக் காப்பாற்று!

சந்தத்தில் குறையே இல்லை. அடிக்கு மூன்று சீர், முதலிரண்டு அடிகளுக்கும் பின்னிரண்டு அடிகளுக்கும் மோனை, நாவில் தடுக்காத சொற்கள் என எல்லாம் பொருந்தியிருக்கின்றன. குறை வேறிடத்தில் இருக்கிறது. இந்தப் பாட்டில் பேசுகிறவர் பெரியவர், பார்க்கப்படுவது குழந்தை. பல் போன வாயோடு ஒரு குழந்தை சிரிப்பதைப் பார்த்தால் நமக்குச் சிரிப்பு வருவது இயல்புதான்; ஆனால் அந்த வாய்க்குச் சொந்தக்காரி அதைப் பார்க்கவில்லை, அதனுள்ளே இருக்கிறாள். நாக்கால் ஓட்டையைத் துழாவிக்கொண்டும், ‘ச’ சொல்லும்போது காற்று வெளியேறுவதைக் கண்டு வியந்துகொண்டும், விழுந்த பல்லை எங்கே போடுவது என்று பெரிய யோசனையிலும் இருக்கிறாள். அவளுடைய உலகத்தில் அன்றைக்கு நடந்த பெரிய செய்தி அது. அதைப் பொம்மை என்று சொன்னால் அவள் எப்படிச் சிரிப்பாள்? மேலும், மிட்டாயால் பல் போனது என்பது உண்மையும் அன்று. பால்பற்கள் இருபதும் விழுந்து முளைப்பதற்கென்றே வந்தவை. பெரும்பாலும் ஆறு வயதை ஒட்டிக் கீழ்வரிசை முன்பற்கள் முதலில் ஆடத் தொடங்கும். செய்யாத குற்றத்துக்குப் பாட்டில் தண்டனை கிடைக்கிறது என்பதை ஏழு வயதுப் பிள்ளை உடனே கண்டுகொள்ளும்.

தொல்காப்பியம், உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படுவதைச் சொல்லும் மெய்ப்பாட்டியலில், நகை பிறக்கும் இடங்கள் நான்கு என்று வகுக்கிறது: எள்ளல், இளமை, பேதைமை (அறியாமை), மடன் (சொன்னதை அப்படியே பற்றிக்கொள்வது). இவற்றை உரையாசிரியர்கள் தன்னிடம் தோன்றுவது, பிறரிடம் தோன்றுவது என்று மேலும் பிரித்துக் காட்டுவார்கள். குழந்தைப் பாட்டு எழுதுகிறவருக்கு இதைவிடப் பயனுள்ள நூற்பா இல்லை என்பது என் எண்ணம். இளமை கண்டு நகைப்பது பெரியவருடைய நகை. மழலையும் தத்தித் தத்தி நடப்பதும் அதில் அடங்கும். நம் பிள்ளைத்தமிழ் மரபு முழுவதும், காப்பு முதல் சிறுதேர் வரையிலான பத்துப் பருவங்களிலும், குழந்தையை இப்படிப் பெரியவர் கண்ணால் கண்டு மகிழ்வதுதான். அது பேரிலக்கியம், ஆனால் குழந்தை கேட்டுச் சிரிப்பதற்காக எழுந்தது அன்று. குழந்தைக்கு உரிய நகை பேதைமையிலிருந்து பிறக்கிறது. அந்தப் பேதைமை பிறருடையதாக இருக்க வேண்டும். தனக்குத் தெரிந்த ஒன்று பாட்டில் வரும் ஆளுக்கோ ஆட்டுக்கோ செருப்புக்கோ தெரியவில்லை என்று காணும்போது குழந்தை ஒரு படி உயர்கிறது. நாள் முழுவதும் எல்லாரிடமும் ‘உனக்குத் தெரியாது’ என்று கேட்டுக்கொண்டிருக்கும் உயிருக்கு அந்த ஒரு படி உயரம் எத்தனை பெரிய இன்பம் என்பதை நாம் வளர்ந்தபின் மறந்துவிடுகிறோம்.

ரஷ்ய நாட்டுக் குழந்தைக் கவிஞர் கொர்னேய் சுக்கோவ்ஸ்கி (1882–1969) இதையே தம் வீட்டில் கண்டு எழுதியிருக்கிறார். இரண்டு வயதுகூட நிரம்பாத அவருடைய மகள் ஒருநாள் ஓடிவந்து, நாய் ‘மியாவ்’ என்கிறது என்று சொல்லிச் சிரித்தாளாம். நாய் குரைக்கும் என்பது ஐயமின்றித் தெரிந்த பிறகுதான் அதைப் புரட்டிப் போட்டு விளையாட முடிகிறது என்று அவர் அதிலிருந்து தெளிந்தார். என் வகுப்பறை அனுபவமும் இதற்கு மாறாக இருந்ததில்லை. ஆகவே பாட்டின் பொருள் குழந்தைக்குப் புதியதாக இருக்கக் கூடாது. கோழியைக் கொடாப்பில் (கூடைக் கூண்டில்) அடைப்பதைக் கண்டறியாத பிள்ளையிடம், கொடாப்பில் அண்ணன் மாட்டிக்கொண்டான் என்று பாடினால் அது வெறும் செய்தியாகத்தான் போய்ச் சேரும். தோட்டத்துச் சாளையில் (தோட்ட வீட்டில்) வளரும் பிள்ளை அதற்கே உருண்டு சிரிக்கும். பனியன் கம்பெனித் தெருவில் வளரும் பிள்ளைக்கு வேறு பொருள் தேட வேண்டும்.

பல் பாட்டை இந்த முறையில் திருப்பி எழுதினால் எப்படி இருக்கும் என்று பார்ப்போம். பேசுகிறவர் குழந்தையாகட்டும், பக்கத்தில் அவளுக்குச் சமமான இன்னொருவர் இருக்கட்டும்.

அப்பா ருக்குப் பல்லில்லை;
எனக்கும் முன்னால் ரெண்டில்லை;
போசி நிறைய முறுக்கிருக்கு;
பொழுதுக் கும்அதைப் பார்க்கிறோம்!

இதில் குழந்தையும் பல்லில்லாதவள்தான், ஆனால் அவளை யாரும் பார்த்துச் சிரிக்கவில்லை. வீட்டிலேயே மூத்தவரான அப்பாருவும் (அப்பாவின் அப்பா) அவளும் ஒரே கட்சி. எதிர்க்கட்சி, போசி என்ற பாத்திரத்தில் இருக்கும் முறுக்கு. முறுக்கை எதிரில் வைத்துக்கொண்டு தின்ன முடியாமல் விழிக்கும் இருவரையும் கண்டு, பல்லுள்ள பிள்ளையும் சிரிக்கலாம், பல் விழுந்த பிள்ளையும் சிரிக்கலாம். இதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்று பிள்ளைகள் கேட்பார்கள். ‘அப்பத்தா காப்பியில் நனைத்துக் கொடுத்தாள்’, ‘அம்மிக்கல்லில் வைத்து இடித்தோம்’ என்று அவர்களே சேர்ப்பார்கள். சேர்க்கட்டும்.

செருப்புப் பாட்டுக்கும் இதே வழிதான். நீங்கள் எழுதியிருப்பதில், வலது எது இடது எது என்று தெரியாத பையனைப் பார்த்து ஊரே சிரிக்கிறது. அந்தப் பையனின் இடத்தில் செருப்பையே பேதையாக்கிவிடலாம். மாற்றிப் போட்ட செருப்புகளை ஒருமுறை குனிந்து பாருங்கள்: முனைகள் ஒன்றையொன்று பாராமல் வெளிப்பக்கம் திரும்பியிருக்கும். இரண்டு பிள்ளைகள் ‘கா’ விட்டுக்கொண்டு முகத்தைத் திருப்பி நிற்பதைப் போலவே இருக்கும்.

செருப்பு ரெண்டும் மாறிப்போச்சு,
ஒன்றுக் கொன்று காவாச்சு;
ஒன்று கிழக்கே பார்க்கிறது,
ஒன்று மேற்கே பார்க்கிறது;
பழம்விடச் சொல்லி மாற்றினேன்,
பள்ளிக் கூடம் ஓடினேன்.

பிணக்கும் இணக்கும் குழந்தைகளின் அன்றாட அரசியல். அதில் தானே நடுவராக நின்று தீர்த்துவைக்கும் பெருமை இந்தப் பாட்டில் குழந்தைக்குக் கிடைக்கிறது. செருப்பை மாற்றிப் போட்டது தவறு என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் கடைசியில் செருப்பு சரியான காலுக்கு வந்துவிட்டது. திருப்பூர்ப் பள்ளிகளில் இன்று ஒடியாவும் இந்தியும் பேசும் வீட்டுப் பிள்ளைகளும் தமிழ்வழி வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். சொல் முழுவதும் புரியாவிட்டாலும் இரண்டு கால்களையும் நீட்டிக் காட்டிப் பாடினால் அவர்களும் உடன் சிரிப்பார்கள்.

இங்கே எள்ளலைப் பற்றி ஒரு சொல் அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பிள்ளைகள் தாமாகக் கட்டிப் பாடும் பாட்டுகளில் எள்ளல் நிறைய உண்டு. பழனிக்குப் போய் மொட்டையடித்துச் சந்தனம் பூசி வந்த பிள்ளையை மறுநாள் வகுப்பு என்ன பாடுபடுத்தும் என்பது எல்லாருக்கும் தெரியும். அது பிள்ளைகளுக்குள் நடப்பது. பெரியவர் எழுதிக் கொடுத்த பாட்டிலேயே அந்த எள்ளல் இருந்துவிட்டால், வகுப்பில் ஒரு குழந்தையின் பக்கம் எல்லாக் கண்களும் திரும்பும். பாயில் சிறுநீர் கழிப்பது, திக்கிப் பேசுவது, கறுப்பு நிறம், பருமன், வீட்டில் அடிவாங்குவது ஆகியவற்றை நான் கூட்டாகப் பாடும் பாட்டுக்கு எடுத்துக்கொள்வதே இல்லை. திறமையாக எழுதினால் எதையும் வேடிக்கையாக்கலாம் என்று வாதிடுவோர் உண்டு. வீட்டில் ஒரு குழந்தையோடு தனியாகப் பாடும்போது அது உண்மையாகவும் இருக்கலாம். முப்பது பிள்ளைகள் முன்னால் அதைச் சோதித்துப் பார்க்கும் உரிமை நமக்கு இல்லை.

அடுத்தது, சிரிப்பு எந்த நொடியில் வருகிறது என்பது. ‘நண்டூருது நரியூருது’ விளையாட்டை எல்லாரும் விளையாடியிருப்போம். குழந்தையின் உள்ளங்கையில் முழங்கையை ஊன்றிப் பருப்புக் கடைந்து, சோறு பிசைந்து, ஒவ்வொரு விரலாக மடக்கி அப்பாவுக்கு, அம்மாவுக்கு என்று பங்கு வைத்து, பிறகு இரண்டு விரல்களை நண்டாக்கி மணிக்கட்டிலிருந்து மெல்ல மேலே நடத்துவோம். கவனித்துப் பாருங்கள்: விரல் அக்குளைத் தொடும்போது சிரிப்பு தொடங்குவதில்லை, முழங்கை மடிப்பைத் தாண்டும்போதே குழந்தை நெளியத் தொடங்கிவிடுகிறது. நேற்றும் விளையாடினோம், அதற்கு முந்தைய நாளும் விளையாடினோம், முடிவு என்னவென்று தெரியும். தெரிந்ததனால்தான் சிரிப்பு முந்திக்கொண்டு வருகிறது. பெரியவர்களின் நகைச்சுவைத் துணுக்கு ஒருமுறை கேட்டால் தீர்ந்துபோகும். குழந்தைப் பாட்டில் முதல்முறை சிரிப்பு வராமல் மூன்றாம் முறை வருவது வழக்கம். உங்கள் மகளின் தோழியர் கூட்டம் ஒருமுறை கேட்டுவிட்டு ஓடியதை வைத்து நல்ல பாட்டைக்கூடத் தள்ளிவிடாதீர்கள். வருவது என்னவென்று தெரியும்படி திரும்பத் திரும்ப வரும் ஓர் இடம், அது வருவதற்கு முன் ஒரு சிறு தாமதம் ஆகிய இரண்டும் பாட்டுக்குள் இருந்தால் போதும், நான்காம் நாள் அவர்களே கேட்டு வாங்குவார்கள்.

ஓசையைப் பொறுத்தவரை உறுதியாகச் சொல்லக்கூடியவை சில உண்டு. இரண்டு முதல் நான்கு சீர் வரையிலான அடிகள், அதாவது குறளடியும் சிந்தடியும் அளவடியும், குழந்தையின் மூச்சுக்கு அடங்கும். ஐந்து சீருள்ள நெடிலடி வந்தால் பாதியில் மூச்சு வாங்கும். செய்யுள் மரபு அடியின் தலையில் மோனையும் எதுகையும் கட்டும். குழந்தையோ அடியின் வாலைப் பிடித்துக்கொள்ளும். அழ. வள்ளியப்பாவின் (1922–1989) லட்டுப் பாட்டைத் தமிழ்நாட்டில் பாடாத பிள்ளை அரிது. எட்டு லட்டு, ஓர் அண்ணன், ஒரு தங்கை, கடைசியில் காலித் தட்டு, அவ்வளவுதான் கதை. தட்டு, லட்டு, எட்டு, பிட்டு என்று ஒரே ஓசை திரும்பத் திரும்ப வந்து முட்டுவதில் குழந்தைக்கு வாயே இனிக்கிறது. நம் பக்கத்தில் இன்னொரு வசதியும் இருக்கிறது. கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் வள்ளி கும்மி மீண்டும் பரவலாக ஆடப்படுவதால், கைதட்டும் கணக்கும் அடிவைக்கும் கணக்கும் பல பிள்ளைகளின் உடம்பிலேயே ஏறியிருக்கின்றன. நோம்பி (திருவிழா) நாட்களில் அவர்கள் ஆடுவதைப் பார்த்து, அந்தத் தட்டில் உங்கள் அடிகள் விழுகின்றனவா என்று நீங்களே கைதட்டிச் சோதித்துக்கொள்ளலாம். தமிழக அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் 2022இல் தொடங்கியதிலிருந்து முதல் மூன்று வகுப்புகளில் பாடலுக்கும் ஆடலுக்கும் இடம் விரிந்திருக்கிறது. ஆசிரியரிடம் கொடுத்தால் மகிழ்ச்சியோடு பாடவைப்பார்.

வயதைப் பற்றிய கணக்கில் மட்டும் நான் அளந்துதான் பேசுவேன். இருபொருள்படும் சொல்லை வைத்து வேடிக்கை செய்வது ஏறத்தாழ ஏழு வயதில் பிடிபடத் தொடங்கும் என்று குழந்தைகளின் நகையுணர்வை ஆராய்ந்தவர்கள் சொல்வார்கள். ‘படி! படி!’ என்றார் பெரியப்பா, படிமேல் போய்நான் உட்கார்ந்தேன் என்று பாடினால், ஒன்றாம் வகுப்பு ‘சரி, உட்கார்ந்தாய், அப்புறம்?’ என்று காத்திருக்கும். மூன்றாம் வகுப்பு சிரித்துவிட்டு உடனே இன்னொரு சொல்லைத் தேடத் தொடங்கும். இது பொதுப்போக்கு. வீட்டில் விடுகதை போட்டு வளர்ந்த குழந்தை இந்தக் கணக்கையெல்லாம் தாண்டி முன்னால் ஓடும். அதனால் வயதைப் பார்த்துப் பாட்டை ஒதுக்காமல், பாடிப் பார்த்து ஒதுக்குங்கள்.

நீதி வேண்டுமா என்ற கேள்விக்கு என் விடை வெளிப்படையானது: வேடிக்கைப் பாட்டில் வேண்டாம். நீதியை நான் இகழவில்லை. ஆத்திசூடியையும் பாரதியின் பாப்பா பாட்டையும் மனப்பாடமாகச் சொல்லாமல் என் வகுப்பில் ஒரு பிள்ளையும் மேல்வகுப்புக்குப் போனதில்லை. அவை அறிவுரை என்று முதலடியிலேயே முகம் காட்டி நிற்பவை, அதனால் குழந்தையும் அவற்றை அப்படியே ஏற்கிறது. வேடிக்கை காட்டுகிறேன் என்று அழைத்துவந்து கடைசி அடியில் ‘மீதிப் பல்லைக் காப்பாற்று’ என்று முடிப்பது வேறு. கொடுத்த சிரிப்பைப் பிடுங்கிக்கொண்டதாகக் குழந்தைக்குப் படும். அடுத்த பாட்டைக் கேட்கும்போதே, அறிவுரை எங்கே வரப்போகிறது என்று எச்சரிக்கையாக உட்கார்ந்திருக்கும். கவிமணியின் வெள்ளைப் பசு தோட்டத்தில் மேய்கிறது, கன்று துள்ளுகிறது, தாய் நக்குகிறது, கன்று பால் குடிக்கிறது. அதற்குமேல் அந்தப் பாட்டு யாருக்கும் எதையும் உபதேசிக்கவில்லை. தலைமுறைகள் தாண்டியும் அது பாடப்படுகிறது.

ஊர்ப்பேச்சைப் பொறுத்தவரை, பெயர்ச்சொற்களில் தயக்கமே வேண்டாம். அப்பாரு, அப்பத்தா, அம்மாயி, அப்புச்சி (தாய்வழித் தாத்தா), போசி, தூரி, ஒப்புட்டு (போளி), ஒறம்பரை (உறவினர்) என்று வீட்டில் எப்படிச் சொல்கிறீர்களோ அப்படியே எழுதுங்கள். ஆடி நோம்பிக்குப் புளியமரத்தில் கட்டியதைத் தூரி என்று அழைக்கும் குழந்தைக்கு, ஊஞ்சல் பாடப்புத்தகத்தில் இருப்பது. தூரிதான் தன்னைத் தூக்கி வீசியது. வினைச்சொற்களில் நான் சற்று நிதானிப்பேன். எழுதப் பழகும் வயதில், பேசுகிறபடியே வினைமுற்றுகளை அச்சில் பார்த்தால் எழுத்தில் குழம்புவார்கள் என்று ஆசிரியர்கள் பலர் கருதுகிறார்கள். குழம்பமாட்டார்கள், இரண்டையும் பிரித்தறிவார்கள் என்போரும் இருக்கிறார்கள். இரு தரப்பிலும் நியாயம் உண்டு; இந்த வழக்கு இன்னும் தீரவில்லை. ஓசைக்கு வேண்டிய இடத்தில் ‘போச்சு’, ‘ஆச்சு’ என்று விட்டுவிட்டு, மற்ற இடங்களில் எழுத்து வழக்கை வைத்துக்கொள்வது என் பழக்கம். மொடக்குறிச்சிக்குப் பக்கத்து ஊரில் பிறந்த பெ. தூரன் (1908–1987) தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் பத்துத் தொகுதிகளுக்கும், குழந்தைகள் கலைக்களஞ்சியத்தின் பத்துத் தொகுதிகளுக்கும் தலைமைப் பதிப்பாசிரியராக இருந்தவர். அவரே நாட்டுப்பாடல்களையும் தேடித் தொகுத்தார், குழந்தைகளுக்குப் பாட்டும் எழுதினார். ஊர்ப்பேச்சும் புலமையும் ஒரே வீட்டில் குடியிருக்கலாம் என்பதற்கு நம் மண்ணிலேயே சான்று இருக்கிறது.

கடைசியாக, உங்கள் அம்மாயி வீட்டுப் பாட்டு. மூன்றில் அதுதான் நல்ல பொருள், ஆனால் பஸ், கிணறு, தென்னை, மாடு என்று பார்த்ததையெல்லாம் வரிசையாக எழுதியிருக்கிறீர்கள். அதற்குள், கன்றுக்குட்டி போன லீவில் சிவப்பாக இருந்தது, இப்போது சாம்பலாகிவிட்டது என்று போகிறபோக்கில் ஓர் அடி வருகிறது. அதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடுங்கள். காங்கேயம் கன்று பிறக்கும்போது செந்நிறமாக இருந்து, ஏறத்தாழ ஆறு மாதத்தில் சாம்பல் நிறத்துக்கு மாறும். லீவுக்கு லீவு போகிற குழந்தைக்குக் கன்றையே மாற்றிவிட்டார்களோ என்று தோன்றுவது நடக்கக்கூடியதுதான். நான் எழுதினால் இப்படி எழுதுவேன். நீங்கள் இதைவிட நன்றாக எழுதலாம்.

சிவப்பாய்ப் பிறந்த கன்றுக்குட்டி
சீக்கிரம் வெளுத்துப் போயாச்சு;
‘சோப்புப் போட்டது யார்?’ என்றேன்;
சொன்னது கன்று: ‘அம்மா!’

பாடும்போது ‘சொன்னது கன்று’ என்ற இடத்தில் நிறுத்திவிடுங்கள். இரண்டாம் முறையிலிருந்து கடைசிச் சொல்லைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.